நீலம் நிரப்புதல்

கச்சேரியின் மேல்மாடியில்
இரண்டாயிரத்து அறுபதாம் ஆண்டு
காலை ஒன்பதரைக்குத் தொடங்குவதாக இருந்தது.
புரொஜெக்டருக்குப் பல்ப் இல்லை.
பத்தேகாலுக்குத் தொடங்கிற்று.

கொழும்பிலிருந்து வந்த திலினி
மூன்று எதிர்காலங்களை
ஒரு பென்டிரைவில் கொண்டுவந்திருந்தாள்.
குறைவு. நடுத்தரம். கூடியது.
கறிக்கு உறைப்புக் கேட்பதுபோல்
எது வேண்டும் என்றாள்.
பணிப்பாளர் நடுத்தரம் என்றார்.
நடுத்தரத்துக்குக் கணக்காய்வுக் கேள்வி வராது.

நீலம் நிரப்புவது என் வேலை.
கடல் ஏறப்போகும் நிலத்துக்கென்று
மென்பொருளில் ஒரு நிறம் உண்டு,
தோய்த்துத் தோய்த்து வெளிறின சட்டையின் நீலம்.
கொட்டியாரக் குடாவின் விளிம்பு,
மூதூர் இறங்குதுறை,
கிண்ணியாவில் ஒரு பங்கு,
கங்கை கடலில் விழுகிற இடத்து வயல்கள்.
தொட்டால் ஊறும்.
ஒரு சொடுக்கில் இருநூறு குடும்பம்வரை போகும்.
நான் வாடகைக்கு இருக்கிற ஒழுங்கையை மட்டும்
பெரிதாக்கிப் பார்க்கவில்லை.
அதற்குத் தொழில் ஒழுக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

தேநீருக்குப் பிறகு
அலைமானி வாசிக்கும் தர்மகுலராசா வந்தார்,
முப்பத்தைந்து வருட ஏடுகள்
உரப்பைக்குள்.
தொண்ணூறில் ஐந்து மாதம் வெறும் கட்டங்கள்.
"கடல் ஏறி இறங்கினதுதான்.
எனக்குத்தான் போகேலாமப் போச்சு."
பிறகொரு மார்கழி இருபத்தாறில்
காலை எட்டரைக்குக் கீழே கோடே இல்லை.
அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.

இடைவெளிகளைக் கணினி நிரப்பும் என்றாள் திலினி.
நிரப்பிற்று.
அந்த ஐந்து மாதத்துக்கும்
இப்போது அலை இருக்கிறது,
பார்க்க ஆளில்லை.

மேட்டு நிலம் எங்கே என்று தேடினால்
சீனக்குடாவில் வரிசையாய் வட்டங்கள் வருகின்றன.
வரப்போகும் ஒரு சண்டையை எண்ணி
வெள்ளைக்காரன் முன்கூட்டியே கட்டின எண்ணெய்த் தாங்கிகள்.
எண்ணினபடி சண்டை வந்தது.
எண்ணாத மிச்சக் காலம்
மரமாய் முளைத்து நிற்கிறது அவற்றின் நடுவே.
என் நீலம் அங்கே ஏறாது.
குடியேற்றத்துக்குக் கேட்கலாமா என்றேன்.
அந்த வட்டங்களுக்கு வேறு அமைச்சு என்றார்கள்.

மூதூர் மீனவர் சங்கச் செயலாளர் லாபிர்
வரைபடத்தின் முன் நெடுநேரம் நின்றார்.
"இதுல எங்கட மையவாடி எங்க, தங்கச்சி?"

குறிவிளக்கத்தில் தேடினேன்.
வீடு, பாலம், பாடசாலை, கிணறு,
கைப்பேசிக் கோபுரம்.
பயனாளி என்றால்
குடும்ப அட்டை இருக்க வேண்டும்.

பணிப்பாளர் என்னைப் பார்த்து
குறித்துக்கொள்ளுங்கள் என்றார்.
கூட்ட அறிக்கையில் அது
'மூதூர்ப் பிரதிநிதியும் கருத்துத் தெரிவித்தார்'
என்று ஆகியது.

எல்லோரும் இறங்கிப் போனார்கள்.
கீழே வாகனத் தரிப்பிடத்தில் மான்கள்
மதியச் சாப்பாட்டின் லஞ்ச் ஷீட்டுகளை நக்கிக்கொண்டிருந்தன.
நான் புதிதாய் ஓர் அடுக்குத் திறந்தேன்.
மையவாடி, சேமக்காலை, சுடலை
என்று பெயரிட்டேன்.
கூடியது என்ற எதிர்காலத்தையும்
'பழையது, அழிக்க வேண்டாம்' என்ற பெயரில்
ஒளித்து வைத்தேன்.

சனிக்கிழமை லாபிருக்கு எடுத்துச் சொன்னேன்:
நாலு மூலையிலும் போய் நின்று
வாட்ஸப்பில் இடத்தை அனுப்புங்கள்.
ஒன்று வந்தது. புளியமரத்தடி.
இரண்டு. மதில்.
மூன்றுக்குக் கொஞ்சம் பிந்தியது, சிக்னல் இல்லையாம்.
நாலாவது புள்ளி
குறைவிலும் இல்லை, நடுத்தரத்திலும் இல்லை.
நான் இன்னும் நிறமே நிரப்பாத
இன்றைய கடலுக்குள் விழுந்து கிடந்தது.

பிழையாய் அனுப்பிவிட்டீர்கள் என்று எழுதினேன்.

குரல் பதிவு வந்தது, காற்று இரைச்சலோடு:
"பிழையில்ல தங்கச்சி.
நான் நிக்கிற இடந்தான் அது.
முழங்காலுக்குத் தண்ணி."